ஆடு பாடவாரியாக நோய்ப்படுவதில்லை

கால்நடை மருத்துவப் படிப்பில், வருடம் முழுக்க நடத்திய பாடத்தை வருடக் கடைசியில் மொத்தமாக வைத்துத் தேர்வு நடத்துவது காலாவதியான முறை என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. மாணவர்கள் சொல்கிறார்கள், பெற்றோர்கள் சொல்கிறார்கள், கல்விச் சீர்திருத்தம் பேசுகிறவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: முழுப்பாடத் தேர்வு மனப்பாடத்தைத்தான் அளக்கிறது, ஒரு வருட உழைப்புக்கு மூன்று மணி நேரத்தில் தீர்ப்பெழுதுகிறது, பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுக்கிறது, கையில் போன் இருக்கும் காலத்தில் இவ்வளவையும் தலையில் சுமக்க வேண்டியதில்லை, வெளிநாடுகள் இதை என்றோ கைவிட்டுவிட்டன. ஆகவே போர்ஷனைப் பிரித்து, அவ்வப்போது சிறு தேர்வு வைத்து, முடிந்த பகுதியை முடிந்ததாகவே விட்டுவிட வேண்டும்.

இவர்கள் காட்டும் குறைகளில் சில உண்மையானவை. அவற்றிலிருந்து இவர்கள் போய்ச் சேரும் முடிவுதான் தவறு. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே அது விளங்கிவிடும்.

மழை ஓய்ந்து, கண்மாய்க் கரையெல்லாம் ஈரமும் பூச்சியுமாகக் கிடக்கும் மார்கழி மாதம். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிடையிலிருந்து கீதாரி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஆட்டுக்கு வாய் வீங்கிக் கெடக்கு சார். எச்சி ஒழுகுது, நொண்டுது. கோமாரிதானே?” கோமாரியாக இருக்கலாம், வாய்க்குள்ளும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அப்படியென்றால் கண்ணும் மூக்கும் வடியும், கழிச்சல் இருக்கும், மூச்சு வாங்கும். உதட்டோரம் பொருக்குக் கட்டும் தொற்று வாய்ப்புண்ணாகவும் இருக்கலாம். அல்லது நீலநாக்கு நோய்: முகம் உப்பும், குளம்பும் தோலும் சேருமிடம் சிவந்து கன்றிப்போகும், சில ஆடுகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

நான்கும் வாயில்தான் தெரிகின்றன. ஆனால் செய்ய வேண்டிய காரியம் நான்குக்கும் ஒன்றல்ல. ஆட்டுக்கொல்லி ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராகத் தொற்றும். நோய்ப்பட்டதை உடனே பிரித்துக் கட்ட வேண்டும். நீலநாக்கைப் பரப்புவது கியூலிகாய்டஸ் என்ற கடிபூச்சி, கொசுவைவிடச் சிறியது. ஆட்டைப் பிரித்துக் கட்டுவதால் மட்டும் அது நிற்காது. கிடையையே ஈரமான கரையிலிருந்து மேட்டுக்கு மாற்ற வேண்டும், அந்தி நேரத்தில் பூச்சி அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் வைரஸில் இருபதுக்கு மேல் வகைகள் உண்டு; இந்தியாவில் கிடைக்கும் தடுப்பூசி ஐந்து வகைகளுக்கு எதிரானது. வந்திருப்பது கோமாரியோ ஆட்டுக்கொல்லியோ என்றால் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கிடை அறுவடை முடிந்த தஞ்சாவூர் வயல்களுக்குப் புறப்படும் கிடை. வழியெங்கும் நோயை விதைத்துக்கொண்டே போகும்.

இப்போது பாடத்திட்டத்தைப் பாருங்கள். குளம்பும் தோலும் சேருமிடத்தை மாணவர் படித்தது முதலாம் ஆண்டு உடற்கூறியலில். வைரஸ் நுண்ணுயிரியலில், கடிபூச்சி ஒட்டுண்ணியியலில், நோய் பரவும் விதம் கொள்ளைநோயியலில், சிகிச்சை கடைசி வருட மருத்துவப் பாடத்தில். ஐந்து துறை, ஐந்து ஆசிரியர், ஐந்து நோட்டு. கீதாரியின் ஆடு இவற்றைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவதில்லை. கால்நடை மருத்துவரின் அன்றாட வேலையே, பிரித்துப் படித்ததைச் சேர்த்துப் பார்ப்பதுதான். அந்த ஒரு திறமையைச் சோதிக்கும் ஒரே தேர்வை எடுத்துவிட வேண்டும் என்பது எப்படிச் சீர்திருத்தம் ஆகும்?

இனி வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மனப்பாடம் என்ற புகார்

முழுப்பாடத் தேர்வு மனப்பாடத்தை வளர்க்கிறது என்கிறார்கள். வினாத்தாளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பழைய வினாத்தாள்களை வரிசையாக அடுக்கி வைத்தால் அடுத்த வருடம் என்ன வரும் என்று சீனியர் சொல்லிவிடுவார். ‘சிறுகுறிப்பு வரைக’, ‘வகைப்படுத்துக’, ‘வேறுபாடு தருக’. இது கேள்வி கேட்பவரின் சோம்பல். முழுப்பாடத்தையும் வைத்துக் கேட்டதால் வந்த வினையல்ல.

போர்ஷனைச் சிறிதாக்கினால் மனப்பாடம் குறையுமா? கூடத்தான் செய்யும். இரண்டு யூனிட் என்றால் முந்தின இரவு உட்கார்ந்து விழுங்கிவிட்டுக் காலையில் கக்கிவிடலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களை அப்படி விழுங்க முடியாது; எதோடு எது சேரும் என்று தெரிந்தால்தான் அவ்வளவையும் நினைவில் வைக்க முடியும். மறதியை முறையாக அளந்த ஜெர்மானிய உளவியலாளர் எப்பிங்காஸ் தம் ஆய்வை 1885இல் வெளியிட்டார். திரும்பத் தொடாத விஷயம் முதல் சில நாட்களிலேயே பெருமளவு கரைந்துவிடுகிறது என்று அவர் காட்டினார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இன்னொன்றைக் காட்டியது. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நடுவில் தேர்வெழுதி நினைவுகூர்ந்து பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். தேர்வு என்பது கற்றதை அளக்கும் கருவி மட்டுமல்ல, கற்றதைத் தங்கவைக்கும் வழியும்கூட என்பது இதிலிருந்து தெரிகிறது. முடிந்த பாடத்தை மறுபடி கேட்கவே கூடாது என்கிறவர்கள் இந்த வழியைத்தான் அடைக்கிறார்கள்.

மூன்று மணி நேரத் தீர்ப்பு

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிவு செய்வது கொடுமை என்ற குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். தேர்வு நாளில் காய்ச்சல் வரலாம், வீட்டில் சாவு விழலாம். ஆனால் இங்கே இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். எவ்வளவு பாடத்திலிருந்து கேட்பது என்பது ஒன்று. அந்தத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய்ப்பு என்பது மற்றொன்று. முழுப்பாடத்திலிருந்தும் கேட்டுக்கொண்டே மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அதற்குத் தரலாம். தவறியவருக்கு ஒரு மாதத்துக்குள் மறுவாய்ப்பு தரலாம். வருடத்துக்கு இரண்டு முறையாகவும் பிரிக்கலாம். பாரத்தைக் குறைக்க இத்தனை வழியிருக்க, பரப்பை வெட்டச் சொல்வது எதற்கு?

மனநலம் பற்றிய கவலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மேலை நாடுகளில் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மாணவரை எது நசுக்குகிறது? அரியர் வைத்தால் ஒரு வருடமே வீணாகிவிடும் என்ற பயம், எதற்காக மார்க் போனது என்று யாரும் சொல்லாதது, விடைத்தாளைக் கண்ணில் காட்டாதது, விடுதியில் பேச ஆளில்லாதது. இவை எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு சிறு தேர்வுகளை மட்டும் கூட்டினால், வருடத்தில் ஒரு மாதம் இருந்த பதற்றம் பன்னிரண்டு மாதமும் நீளும். வாரந்தோறும் இன்டர்னல் எழுதிய மாணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

படிப்பு முடிந்த பிறகு வரும் பதற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சொந்தமாக முடிவெடுக்கப் பழகாத ஒரு பட்டதாரி, துணைக்குச் சீனியர் இல்லாத ஓர் ஊரில், செத்துக்கொண்டிருக்கும் கறவை மாட்டுக்கு முன்னால், சுற்றி ஊரே நின்று பார்க்க, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதைவிடப் பெரிய மன அழுத்தம் எந்தத் தேர்வறையிலும் இல்லை.

போன் இருக்கிறதே

மருந்தின் அளவைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கத்தான் வேண்டும், நினைவை நம்பி ஊசி போடுவதைவிட அது நல்லது. அதனால் தேர்வில் டோஸ் கேட்பதை நிறுத்திவிடலாம் என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் போன் பதில் சொல்லும்.

ஒரு சாதாரண நிலைமை. நேற்று மேய்ந்த மாடு இன்று காலை செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாக உறையாத ரத்தம். இன்ஷூரன்ஸுக்குச் சான்று வேண்டும், அறுத்துப் பாருங்கள் என்கிறார் மாட்டுக்காரர். இந்த இடத்தில் கத்தியை எடுக்கக் கூடாது. அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலைத் திறந்தால் உள்ளிருக்கும் பாக்டீரியா காற்றுப் பட்டு விதைமூலங்களாக மாறும்; மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து அடுத்த மாட்டையும், அறுத்த மனிதரையும் தாக்கும். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவி, மெத்திலீன் நீலச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். பிணத்தை அறுக்காமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். இது இரண்டாம் ஆண்டு நுண்ணுயிரியல். இரண்டாம் ஆண்டோடு அது ‘முடிந்துபோன போர்ஷன்’ என்று விட்டிருந்தால், சந்தேகமே எழாது. சந்தேகம் எழாதவர் போனை எடுக்க மாட்டார், கத்தியைத்தான் எடுப்பார்.

வெளிநாடு கைவிட்டதா?

கைவிடவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்ய உரிமம் வேண்டுமென்றால் நேவ்லி என்ற தேர்வில் தேற வேண்டும். 360 கேள்விகள், நாய், பூனை, குதிரை, மாடு, பன்றி, கோழி என்று எல்லாம் கலந்து வரும். பிரிட்டனில் நாடு முழுமைக்குமான அப்படியொரு உரிமத் தேர்வு கிடையாது என்பது உண்மை. ஆனால் அங்கே பட்டம் பெறுபவர் வேலையில் சேரும் முதல் நாளிலேயே எதையெல்லாம் தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. அந்தத் திறன்கள் மாணவருக்கு இருக்கின்றன என்று பல்கலைக்கழகம் காட்டியாக வேண்டும்.

அவர்கள் மாற்றியது தேர்வின் வடிவத்தை. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். மாணவர் வரிசையாக அமைந்த பல நிலையங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் சில நிமிடம். ஓர் இடத்தில் நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும், இன்னோர் இடத்தில் எக்ஸ்ரே படிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் அட்டவணை. கால்நடைக் கல்லூரிகளும் பின்னால் இதை எடுத்துக்கொண்டன. மேலை நாட்டைக் காட்டி வாதாடுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கிராமத்துப் பிள்ளைக்கு எது பாதுகாப்பு?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கால்நடை மருத்துவப் படிப்பிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு கிடைத்தது. சாயல்குடியிலோ கமுதியிலோ தமிழ்வழியில் படித்து, ஆட்டோடும் மாட்டோடும் வளர்ந்த பெண், முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புக்குள் நுழைகிறாள். அவளைப் பெரிய தேர்வு வடிகட்டி வெளியே தள்ளிவிடும் என்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் இடத்திலிருந்தே யோசிப்போம். முதல் சில மாதம் ஆங்கிலமே அவளுக்குப் பெரும்பாடு. போர்ஷன் பிரித்து நடத்தும் தேர்வில், தடுமாறிய அந்த மாதங்களின் மதிப்பெண் அப்படியே உறைந்து போய்விடும். பின்னால் எவ்வளவு தேறினாலும் அதை அழிக்க முடியாது. கடைசியில் முழுப்பாடத்தையும் கேட்கும் தேர்வு, பிந்திப் புறப்பட்டவளுக்கு முந்தியவர்களைப் பிடிக்க வாய்ப்புத் தருகிறது. இன்டர்னல் மார்க்கைப் பெயர் தெரிந்த ஆசிரியர் போடுகிறார். அங்கே சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர், டாக்டர் வீட்டுப் பிள்ளை, துறைத் தலைவருக்குப் பிடித்தவர் என்ற கணக்கெல்லாம் நுழைய இடமுண்டு. இறுதித் தேர்வின் விடைத்தாளில் டம்மி நம்பர் மட்டும்தான். திருத்துகிறவருக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. கிராமத்துப் பிள்ளைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அவளுக்குப் பாதுகாப்பாக இருப்பதையே பறிக்கக் கூடாது.

அப்படியென்றால் மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவரப் பார்க்கும் நெக்ஸ்ட் தேர்வை நீ ஆதரிக்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இல் விதித்த அந்தத் தேர்வைத் தமிழ்நாடு அரசு எதிர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே வினாத்தாள் என்றால் கோச்சிங் சென்டர்தான் கல்லூரியாகும். ராமநாதபுரத்துச் செம்மறியும் இமாசலத்துச் செம்மறியும் ஒரே கேள்விக்குள் அடங்காது. நான் கேட்பது கல்லூரியே, தன் மாணவருக்கு, தான் நடத்திய பாடத்திலிருந்து வைக்கும் தேர்வு.

இன்னும் வராத தேர்வு

இத்தனை சண்டையும் எதைப் பற்றி? 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி முதல் 2012இல் வந்த திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் வரை எல்லாமே இன்று இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் விதிகளின்கீழ்தான் நடக்கின்றன. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்பு ஐந்தரை வருடம். அதில் நாலரை வருடம் பாடம், ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பாடக்காலம் நான்கு தொழில்முறை ஆண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் அந்த ஆண்டுப் பாடங்களுக்குத் தேர்வு.

அதாவது, முதலாம் ஆண்டில் உடற்கூறியலைத் தாண்டியவரிடம் கடைசி வருடம் வரை எந்த எழுத்துத் தேர்வும் அதை முறையாகத் திரும்பக் கேட்பதில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் யாராவது கேட்டால் உண்டு. சுமை தாங்கவில்லை என்று நாம் இறக்கிவைக்கப் பார்க்கும் அந்த முழுத் தேர்வு, ஒரு தொழில்முறை ஆண்டுக்கு மேல் நீண்டதே இல்லை. உண்மையில் முழுப்பாடத்தையும் கேட்கும் தேர்வு கல்லூரிக்கு வெளியேதான் காத்திருக்கிறது. கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி வைக்கும் தேர்வு பட்டப்படிப்பு முழுவதையும் கேட்கிறது. மேற்படிப்புக்கான ஐசிஏஆர் நுழைவுத் தேர்வும் அப்படித்தான். கல்லூரியில் மறக்க அனுமதித்ததை, பட்டம் வாங்கிய பிறகு பணம் கட்டிக் கோச்சிங்கில் திரும்பப் படிக்கிறார்கள். பணம் இல்லாதவர் பின்தங்குகிறார்.

பாடத்திட்டத்திலேயே இல்லாத கேள்வியும் ராமநாதபுரத்துக் கடற்கரையில் வரும். மண்டபம் பக்கம் ஓர் ஆவுளியா செத்துக் கரை ஒதுங்குகிறது. கடற்பசு, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். வனத்துறை உள்ளூர்க் கால்நடை மருத்துவரை அழைக்கிறது. மணலிலேயே உடற்கூறாய்வு, முடிந்ததும் அங்கேயே குழி. மருத்துவர் அதுவரை அறுத்ததெல்லாம் மாடும் ஆடும் கோழியும். இதற்கு மாட்டைப் போல நான்கு அறை வயிறு இல்லை. குதிரையைப் போலப் பின்குடலில்தான் கடற்புல் செரிக்கிறது. நுரையீரல் முதுகை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கிறது, உதரவிதானமும் அதற்கேற்பக் கிடைமட்டமாக ஓடுகிறது. மாட்டை மனதில் வைத்துக் கத்தியை இறக்கினால் தேடுவது கிடைக்காது. மூச்சுக்குழலில் நுரை இருக்கிறதா, தோலில் வலைத் தழும்பு இருக்கிறதா, படகு மோதிய காயம் இருக்கிறதா, குடலில் செரிக்காத புல் இருக்கிறதா என்று பார்த்து, மூச்சுமுட்டிச் செத்ததா, நோயா, அடிபட்டதா என்று எழுத வேண்டும். கடற்பசுவுக்கென்று அவர் தனியாக எந்த யூனிட்டும் படித்திருக்க மாட்டார். மாட்டையும் குதிரையையும் ஒப்பிட்டுப் படித்த உடற்கூறியலும், உடலியங்கியலும், நோய்க்குறியியலும் ஒன்றாக நினைவில் இருந்தால்தான் அவர் எழுதும் அறிக்கைக்கு மதிப்பு.

எப்படிக் கேட்க வேண்டும்

ஆகவே முழுப்பாடத் தேர்வு இருக்க வேண்டும். இப்போது இருப்பதைவிட நீளமாகவும், இப்போது இருப்பதைவிடக் கனம் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டுத் தேர்விலும் ஐந்தில் ஒரு பங்கு கேள்வி முந்தைய ஆண்டுகளின் பாடத்தைத் தொட வேண்டும். கேள்வி விலங்கிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் உதாரணம்: ‘இருபத்தைந்து கிலோ எடையுள்ள கொடி ஆடு நேற்று இரவு ரேஷன் அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டது. இன்று காலை எழவில்லை, இடப்பக்கம் உப்பியிருக்கிறது, தட்டினால் தண்ணீர் தளும்பும் சத்தம், கண் உள்ளே போயிருக்கிறது. அசையூண் வயிற்றில் என்ன நடந்தது? ரத்தம் ஏன் அமிலமாகிறது? சமையல் சோடா எதற்கு? ஊசி குத்தி வாயுவை இறக்குவதானால் எந்த இடத்தில், அப்படிச் செய்வதால் இங்கே பலன் உண்டா? ஆட்டுக்காரரிடம் தமிழில் என்ன சொல்வீர்கள்?’ இந்த ஒரே கேள்விக்குள் உடற்கூறியல், உயிர்வேதியியல், மருந்தியல், மருத்துவம், விரிவாக்கம் ஐந்தும் இருக்கின்றன. பழைய வினாத்தாளை உருப்போட்டு இதற்குப் பதில் எழுத முடியாது.

இதோடு இறுதியாண்டில் ஹார்டன் முறையில் செய்முறைத் தேர்வு வேண்டும்: கழுத்து நரம்பில் ரத்தம் எடுக்க, கயிறு போட்டு மாட்டைச் சாய்க்க, ரத்தப்படலம் படிக்க, கோபத்தில் இருக்கும் மாட்டுக்காரரிடம் பேச. மதிப்பெண் அட்டவணை முன்கூட்டியே மாணவர் கையில் இருக்க வேண்டும். தவறிய நிலையத்தை மட்டும் திரும்பச் செய்ய வாய்ப்பு வேண்டும். அதற்காக ஒரு வருடத்தைப் பறிக்கக் கூடாது. திருத்திய விடைத்தாளை மாணவர் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆசிரியர்களுக்குக் கூடுதல் வேலை. சிறுகுறிப்புக் கேள்வியை எழுத ஐந்து நிமிடம் போதும்; மேலே சொன்ன ஆட்டுக் கேள்வியை எழுத ஐந்து துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தேர்வை ஒழிக்கச் சொல்லும் குரல் நிர்வாகங்களின் காதுக்கு இனிமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாணவர்கள் கேட்க வேண்டியது பாடத்தை மறக்கும் உரிமையை அல்ல, நல்ல கேள்வியைப் பெறும் உரிமையை. கவுன்சில் தன் விதிகளை அடுத்த முறை திருத்தும்போது போர்ஷனை வெட்டுவதைப் பற்றி விவாதிப்பதற்கு முன்னால், கடந்த பத்து வருட வினாத்தாள்களை எடுத்து மேசைமேல் வைக்கட்டும். அவற்றில் எத்தனை கேள்விகளில் ஓர் ஆடாவது மாடாவது நோயோடு நிற்கிறது என்று முதலில் எண்ணட்டும்.